இரவில நாலு தரம் எழும்பிறது வயசுக் கோளாறுதானோ?

06.04.2024, நெடுங்கேணியிலிருந்து ஒரு தம்பி கேட்டது

அப்பாவுக்கு 63. ரெண்டு மூண்டு மாசமா இரவில நாலு தரம் சலம் போக எழும்பிறார். எங்கட கக்கூஸ் வளவின்ர பின்மூலையில. போன கிழமை வேலிக்கு அங்கால யானை நிண்டது, இவர் ரோச்சோட தனிய வெளியில நிக்கிறார். அம்மா சொல்லுறா, வயசு போனா எல்லாருக்கும் உப்பிடித்தான், ஆறு மணிக்குப் பிறகு தண்ணி குடுக்காத, தானாச் சரிவரும் எண்டு. நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போகவேணும் எண்டுறன். அப்பா வரமாட்டன் எண்டு நிக்கிறார். ஆர் சொல்லுறது சரி?

06.04.2024, இரவு

தம்பி, நீர் சொல்வதுதான் சரி. கூட்டிக்கொண்டு போம். ஐம்பது கடந்தவர் இரவில் ஒருக்கால் எழும்புவதைப் பெரிதாக எடுக்கத் தேவையில்லை. இரண்டு தரம், அதற்கு மேல், அதுவும் முந்தி இல்லாமல் புதிதாகத் தொடங்கினது என்றால் காரணம் தேடத்தான் வேண்டும். 63 வயது ஆம்பிளை என்றபடியால் பெரும்பாலும் புறஸ்ரேற், அதாவது ஆம்பிளைகளுக்குச் சலப்பைக்குக் கீழே இருக்கிற சுரப்பி, வீங்கினதாகத்தான் இருக்கும். சலம் தொடங்கச் சுணங்குதோ, மெல்லிசாகப் போகுதோ, போய் முடிந்தபிறகும் மிச்சம் நிற்பதுபோல இருக்குதோ என்று கேட்டுப் பாரும். சலம், சீனி, சிறுநீரகம் பழுதானால் இரத்தத்தில் கூடுகிற கிறியற்றினின், மூன்றையும் சோதிக்கச் சொல்லும்.

தண்ணியை மட்டும் மறிக்கவேண்டாம். அதில் எனக்குச் சொந்தக் கதை இருக்கிறது, நாளைக்கு எழுதுகிறேன்.

07.04.2024

2021 மாசி, காலபோக அறுவடை நேரம். எனக்கு 51 வயது. முத்தையன்கட்டுக் குளத்துக்குக் கீழே வயல். அந்த வருசம் இரவில் மூன்று தரம் எழும்பத் தொடங்கினேன். வயல் காவலுக்குப் பழகின உடம்பு, நித்திரை மெல்லிசு, முழிப்பு வருவதால்தான் சலமும் வருகிறது என்று எனக்கு நானே தீர்ப்புச் சொல்லிவிட்டேன். பின்னேரம் நாலு மணியோடு தண்ணி குடிப்பதை நிறுத்தினேன். ஒன்றும் மாறவில்லை. பிறகு மத்தியானத்தோடு நிறுத்தினேன். அறுவடை வெயிலில், வரம்பில் நின்றபடி, செம்பைக் கையால் தள்ளிவிட்டேன். மனிசி பேசினா. நான் கேட்கவில்லை.

மூன்றாம் கிழமை இடப்பக்க இடுப்புக்குப் பின்னால் ஒரு நோ பிடித்தது. அது அடிவயிற்றுக்கு இறங்கி வந்தபோது நிற்கவும் முடியவில்லை, படுக்கவும் முடியவில்லை. சலம் தேயிலைச் சாயம்போல. ஸ்கான் பண்ணி 6 மி.மீ. கல் என்றார்கள். டொக்டர் கேட்ட முதல் கேள்வி, "ஒரு நாளைக்கு எவ்வளவு தண்ணி குடிக்கிறீங்கள்?" நான் சொன்ன பதிலைக் கேட்டுக் கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

எங்கள் வெயிலில் வியர்வையாகவே உடம்புத் தண்ணி போய்விடும். மிச்சம் போகிற கொஞ்சச் சலம் தடித்து, அதிலுள்ள உப்புகள் சேர்ந்து கல்லாகும். தடித்த சலம் சலப்பையையும் உறுத்தும், அதனால் இன்னும் அடிக்கடி போகத் தோன்றும். படுக்கப் போவதற்கு முந்தின இரண்டு மூன்று மணித்தியாலத்தில் குடிப்பதைக் குறைக்கலாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு தேத்தண்ணி, கோப்பி வேண்டாம். ஆனால் அந்தத் தண்ணியைப் பகலிலேயே குடித்து முடித்திருக்கவேண்டும். அம்மாவுக்கு இதை வாசித்துக் காட்டும், தம்பி.

11.04.2024

கல் போனபிறகும் மூன்று தரம் எழும்புவது நிற்கவில்லை. கிளினிக்கில் ஒரு இளம் டொக்டர்ப் பிள்ளை இருந்தா. ஒரு தாளில் கோடு போட்டுத் தந்து, "மூன்று நாளைக்கு நீங்கள் போற ஒவ்வொரு தரமும் எத்தனை மணி, எவ்வளவு எண்டு எழுதிக்கொண்டு வாங்கோ ஐயா" என்றா. எனக்கு அது பெரிய வெட்கமாக இருந்தது. மனிசி மா அளக்கிற பிளாஸ்ரிக் ஜக்கை மார்க் பண்ணிக் கக்கூசுக்குள் கொண்டுபோய் வைத்துவிட்டு, "இனி இது உங்கட, குசினிக்குள்ள கொண்டரக்கூடாது" என்று சொன்னா. அவ்வளவுதான், வெட்கம் போய்விட்டது.

இரண்டாம் நாள் கணக்கு இன்னும் கொப்பியில் இருக்கிறது. இரவு 12.10க்கு 280 மி.லீ., 2.30க்கு 310, 4.15க்கு 250. கூட்டினால் 840. முழு நாளுக்கும் 2000. அதாவது 100க்கு 42 பங்கு இரவில்.

இதுதான் நான் எல்லாருக்கும் சொல்ல விரும்புவது. எத்தனை தரம் என்று எண்ணுவதோடு நில்லாமல் ஒவ்வொரு தரமும் எவ்வளவு என்று அளந்து பாருங்கள். 250, 300 என்று நிறைய வந்தால் பை ஒழுங்காகத்தான் வேலை செய்கிறது, இரவில் சலம் கூட ஊறுகிறது, காரணம் பைக்கு வெளியே. 80, 100 என்று கொஞ்சம் கொஞ்சமாக வந்தால் பையிலோ புறஸ்ரேற்றிலோ கிருமியிலோ கோளாறு. இரவும் பகலும் சேர்த்து மொத்தமே கூடப் போனால் அது மூன்றாவது வழி. நிறைக் கிலோ ஒன்றுக்கு 40 மி.லீ. வீதம் பெருக்கிப் பாருங்கள், 60 கிலோ ஆளுக்கு 2400. அதற்கு மேல் நாள்தோறும் போனால் சீனியைத்தான் முதலில் பார்க்கவேண்டும். எழும்புகிற கணக்கு மூன்று பேருக்கும் ஒரேமாதிரித்தான் இருக்கும், மருந்து வேறு வேறு.

12.04.2024

நேற்று எழுதினதில் பிழை. கொப்பியை முழுதாகப் பார்த்தபோதுதான் டொக்டர்ப் பிள்ளை சிவப்புப் பேனையால் திருத்தியிருந்தது கண்ணில் பட்டது. விடிய எழும்பி முதல் போகிறதையும் இரவுக் கணக்கில் சேர்க்கவேண்டும், ஏனென்றால் அது இரவு முழுக்க ஊறினது. எழும்பின தரத்துக்குத்தான் அது சேராது. அன்று விடிய எனக்கு 260. ஆகவே 1100, நூற்றுக்கு 55 பங்கு. 65 கடந்தவர்களுக்கு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் இரவில் போனால் கூட என்று எடுப்பார்கள், இளம் ஆட்களுக்கு ஐந்தில் ஒன்றே எல்லை. எப்படிப் பார்த்தாலும் எனக்குக் கூடத்தான்.

16.04.2024

வருசத்துக்கு வந்த சொந்தக்காரர் எல்லாரும் போய் வீடு அமைதியாகிவிட்டது. விட்ட இடத்திலிருந்து தொடங்குகிறேன்.

ஏன் இரவில் மட்டும் ஊறினது? டொக்டர்ப் பிள்ளை என் காலைக் கேட்டா. முழங்காலுக்குக் கீழே, முன் எலும்புக்கு மேல் பெருவிரலால் பத்து விநாடி அமத்திவிட்டு எடுத்தா. குழி அப்படியே நின்றது. பின்னேரத்தில் செருப்பு வார் இறுக்குவதைப் பார்த்திருக்கிறேன், நாள் முழுக்கச் சேற்றில் நின்ற களைப்பு என்று விட்டுவிட்டேன். பகல் முழுக்க நிற்கிற ஆளின் காலில் தண்ணி தேங்கும். படுத்தவுடன் அது மெல்ல இரத்தத்துக்குத் திரும்பும். சிறுநீரகம் அதை வெளியே தள்ளும். பகலில் போகவேண்டினது இரவில் போகிறது.

தேங்கினதற்கு எனக்கு இரண்டு காரணம். ஒன்று, பிறெசருக்கு எடுத்த அம்லோடிபின் குளிசை. அது சிலருக்குக் கால் வீக்கம் தரும். குளிசையை நானாக நிற்பாட்டவில்லை, அப்படி யாரும் செய்யவும் வேண்டாம். டொக்டர்தான் அளவைக் குறைத்து இன்னொன்றைச் சேர்த்தார். மற்றது உப்பு. விடியப் பழஞ்சோறும் மோர்மிளகாயும், மத்தியானம் கருவாடு, இரவுக்கு மிச்சக் கருவாட்டுக் குழம்பு, எல்லாத்தோடும் ஊறுகாய். உலக சுகாதார நிறுவனம் ஒரு நாளைக்கு 5 கிராமுக்குக் குறைய என்கிறது, ஒரு தேக்கரண்டி. என் இரவுக் கோப்பையிலேயே அது இருந்திருக்கும்.

ஜப்பானில் நாகசாகிப் பல்கலைக்கழகத்தார் செய்து 2017இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று இருக்கிறது. உப்புக் கூடச் சாப்பிட்டு நித்திரையும் குழம்புகிற 321 பேர். அவர்களில் 223 பேர் நாளுக்கு 10.7 கிராமிலிருந்து 8 கிராமுக்கு இறக்கினார்கள். இரவில் எழும்புவது சராசரி 2.3 தரத்திலிருந்து 1.4க்கு வந்தது. குறைக்காமல் கூட்டினவர்களுக்கு எழும்புவதும் கூடினது. 8 கிராமும் கூடத்தான், ஆனாலும் அவ்வளவு இறக்கமே இவ்வளவு செய்திருக்கிறது. எனக்கு அது நம்பிக்கை தந்தது. கருவாட்டை முழுக்க விட என்னால் முடியவில்லை. கிழமைக்கு ஒருநாள், மத்தியானத்தில் மட்டும், கொதிதண்ணியில் ஊறப்போட்டுக் கழுவி.

பின்னேரம் நாலு மணிக்கு விறாந்தை வாங்கில் ஒரு மணித்தியாலம் படுத்து, காலைத் தலகணிக்கு மேல் தூக்கி வைக்கிறேன். காலில் நின்ற தண்ணி பொழுதுபடமுதலே சலமாகப் போய்விடுகிறது. ஆறு கிழமையில் மூன்று ஒன்றாகியது.

21.04.2024

பூநகரி அக்கா கேட்டதற்கு. "அவர் குறட்டை விட்டு விட்டு மூச்சு நிண்டுபோய்த் திடீரெண்டு திணறி முழிக்கிறார், முழிச்ச உடன சலம் எண்டுறார்" என்று எழுதியிருக்கிறீங்கள். அதை டொக்டரிடம் அப்படியே, அதே சொல்லில் சொல்லுங்கோ. நித்திரையில் தொண்டை அடைபட்டு மூச்சு இழுபடும்போது நெஞ்சுக்குள் அழுத்தம் மாறி இதயத்தின் மேலறை விரியும். உடம்பில் தண்ணி கூடிவிட்டது என்று இதயம் எண்ணி, உப்பையும் தண்ணியையும் வெளியே விடச் சொல்லி ஒரு சுரப்பை அனுப்பும். சலப் பைக்கு மருந்து எடுத்துச் சரிவராது. மூச்சைச் சரிசெய்தால் சலமும் குறையும். பகலில் மோட்டச்சைக்கிள் ஓடும்போது தூங்கி விழுகிறாரோ என்றும் கவனியுங்கோ, அதுதான் எனக்குக் கூடப் பயம்.

27.04.2024

நெடுங்கேணித் தம்பி அளந்து அனுப்பியிருக்கிறார். அப்பாவின் நிறை 58 கிலோ. முழு நாளுக்கு 3900 மி.லீ., இரவில் விடியப் போனதோடு சேர்த்து 1500. தாரை நல்லாகத்தான் போகுதாம், சுணக்கமும் இல்லையாம். 58ஐ 40ஆல் பெருக்கினால் 2320. எல்லையைத் தாண்டி வெகுதூரம். ஆஸ்பத்திரியில் வெறும் வயிற்றில் சீனி பார்த்தார்கள். 268.

28.04.2024

நேற்று இரவு இதை யோசித்துக்கொண்டு கிடந்தேன். நான் முதல்நாள் "பெரும்பாலும் புறஸ்ரேற்தான்" என்று எழுதினேன். பிழை. வயதையும் ஆணா பெண்ணா என்பதையும் மட்டும் வைத்துச் சொன்னேன். அதைத்தான் அந்தத் தம்பியின் அம்மாவும் செய்தா, அதைத்தான் 2021இல் நானும் எனக்குச் செய்தேன். அந்தக் குறிப்பை அழிக்காமல் விட்டிருக்கிறேன், வாசிக்கிறவர்கள் இரண்டையும் சேர்த்து வாசியுங்கள்.

இரத்தத்தில் சீனி ஏறக்குறைய 180ஐத் தாண்டினால் சிறுநீரகத்தால் அதை முழுக்கத் திருப்பி எடுக்க முடியாது. சீனி சலத்தோடு இறங்கும், இறங்கும்போது தண்ணியையும் இழுத்துக்கொண்டு போகும். அந்த மனிசனுக்கு விடாய் எடுத்தது அதனால்தான். அவர் கூடக் குடித்ததால் கூடப் போகவில்லை, கூடப் போனதால் கூடக் குடித்தார். அந்த நேரம் தண்ணியை மறித்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று எண்ணிப் பார்க்கவே நெஞ்சு பதறுகிறது. எங்கள் பழைய ஆட்கள் இந்த வருத்தத்துக்குச் சலரோகம் என்று பெயர் வைத்தார்கள். சலத்தைப் பார்த்துத்தான் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

தம்பி, கண்ணையும் காலையும் சோதிக்கச் சொல்லிக் கேளும். எப்ப தொடங்கினது என்று சொல்லமுடியாத வருத்தம் இது. இப்போது சீனிக்குக் கொடுக்கிற புதுக் குளிசைகளில் ஒருவகை, சீனியைச் சலத்தோடு வெளியேற்றித்தான் வேலை செய்யும். அதைத் தந்தால் தொடக்கத்தில் சலம் கொஞ்சம் கூடப் போகலாம், பயப்படவேண்டாம்.

09.05.2024

"எல்லாம் தண்ணியாலதான். குழாய்க்கிணத்துத் தண்ணியை விட்டிட்டு ஆர்.ஓ. மெசினில வடிச்ச தண்ணி குடிச்சா இரவில எழும்பத் தேவையில்லை" என்று ஓமந்தைப் பக்கத்து ஒருவர் எழுதியிருக்கிறார். அவருடைய கோபம் விளங்குகிறது. ஆனால் இரண்டு விசயத்தை ஒன்றாக்கிவிட்டார்.

காரணம் தெரியாத நாட்பட்ட சிறுநீரக நோய் 1990களில் வடமத்திய மாகாணத்தில் பதவியா, மெதவாச்சிப் பக்கம் வெளியே தெரிந்தது. வவுனியாவிலும் இருக்கிறது. சீனியோ பிறெசரோ முந்தி இல்லாத, வயலில் வேலை செய்கிற ஆண்களைத்தான் கூடப் பிடித்தது. தண்ணியின் கடினத்தையும் புளோரைட்டையும் சொல்கிறார்கள், விவசாய மருந்துகளைச் சொல்கிறார்கள், பார உலோகத்தைச் சொல்கிறார்கள், வெயிலில் தண்ணி குடியாமல் வேலை செய்வதையும் சொல்கிறார்கள். ஆராய்கிறவர்கள் இதில் ஒரே முடிவுக்கு வரவில்லை. சுத்தமான தண்ணி குடிப்பது நல்லதுதான், எங்கள் கேத்திலுக்குள் படிகிற வெள்ளையைப் பார்த்தாலே விளங்கும். ஆனால் ஆர்.ஓ. தண்ணி குடிக்கத் தொடங்கிவிட்டோம் என்று இரத்தம் சோதிக்காமல் இருந்துவிடாதீர்கள்.

என் மனிசியின் தம்பி வவுனியா வடக்கில். 44 வயது. சீனி இல்லை, பிறெசர் இல்லை, ஒரு குளிசை எடுத்ததில்லை. களைப்பு என்று போய்ச் சோதித்தபோது கிறியற்றினின் 3.8. பிறகு இருந்து யோசித்தபோது அவர் சொன்னார், "மச்சான், ரெண்டு வருசமா இரவில மூண்டு தரம் எழும்பினனான், அது ஒரு வருத்தமெண்டு ஆர் நினைச்சது?" நல்ல சிறுநீரகம் இரவில் சலத்தைத் தடிப்பாக்கிக் குறைத்து வைக்கும், விடியும்வரை நாங்கள் படுக்கலாம். அந்தத் தடிப்பாக்கும் வலு போனால் இரவிலும் பகல்மாதிரியே வெளிறின சலமாகப் போகும். நோவும் இல்லை, எரிவும் இல்லை. அதனால்தான் யாரும் கணக்கெடுப்பதில்லை.

இரவில் எழும்புகிற எல்லாருக்கும் சிறுநீரக வருத்தம் என்று யாரும் பயப்படவேண்டாம், மிகச் சிலருக்குத்தான் அப்படி. ஆனால் வன்னியில் வயல் செய்கிற ஆள் புதிதாக எழும்பத் தொடங்கினால் கிறியற்றினினும் சலத்தில் புரதமும் பார்க்காமல் விடக்கூடாது. அரசாங்க ஆஸ்பத்திரியில் காசில்லை. இப்போது மச்சான் கிழமைக்கு இரண்டு தரம் இரத்தம் சுத்திகரிக்கப் போகிறார். பஸ்ஸில்.

19.05.2024

நேற்று முள்ளிவாய்க்கால் நினைவுக் கஞ்சி வாங்கிக் குடித்துவிட்டு வந்ததிலிருந்து என் அம்மாவின் நினைவுதான். அவவைப் பற்றி எழுதாமல் இந்தக் கதை முடியாது.

2009இல், போர் முடிந்து முகாமில் இருந்தபோது அம்மாவுக்கு 68. கக்கூஸ் வரிசை கூடாரத்திலிருந்து நல்ல தூரம். இருட்டில் பொம்பிளையள் தனியப் போகமாட்டினம், நாலைந்து பேரைச் சேர்த்துக்கொண்டுதான். ஒவ்வொரு இரவும் மற்றவர்களை எழுப்பக் கூச்சப்பட்டு அம்மா பின்னேரம் மூன்று மணியோடு தண்ணியை நிறுத்தினா. அடக்கிக்கொண்டு கிடந்தா. சலக்கடுப்பு வந்து, காய்ச்சல் வந்து, மருந்து எடுத்து, திரும்பவும் வந்தது. அவ மட்டுமில்லை, எங்கள் வரிசையில் எத்தனையோ பேர். இதை அந்த நேரம் ஆரும் ஆரோடும் கதைக்கவில்லை. கதைக்க அதைவிடப் பெரிய விசயங்கள் இருந்தன.

ஊருக்குத் திரும்பி வந்தபிறகு அது மறுபக்கமாகத் திரும்பியது. வீட்டுத்திட்டத்தில் வீடு கிடைத்தது, கக்கூஸ் வெளியே கிணற்றுக்கு அங்கால். "இப்ப போகலாம், ஆரும் தடுக்கமாட்டினம்" என்று சொல்லிச் சொல்லிப் போவா. வந்தாலும் போவா, வராவிட்டாலும் "எதுக்கும் ஒருக்கால்" என்று போவா. கொஞ்சம் சேரமுதல் வெறுமையாக்கிப் பழக்கினால் பையும் கொஞ்சத்துக்கே சொல்லத் தொடங்கிவிடும். பிறகு ஒரு இரவில் ஐந்து தரம். அப்போது அளக்கிற ஜக் பற்றி எனக்குத் தெரிந்துதான் இருந்தது. அம்மாவிடம் அதைச் சொல்ல வாய் வரவில்லை. பெத்த தாயிடம் இதை எப்படிக் கேட்பது என்று விட்டேன். அதுதான் நான் செய்த பெரிய பிழை.

2022 கார்த்திகை மழை. இரவு இரண்டு மணி. கிணற்றடிச் சீமெந்தில் பாசி. ரோச் ஒரு கையில், சீலையை மற்றக் கையில் தூக்கிப் பிடித்திருந்தா. பிடிக்க ஒன்றுமில்லை. தொடையெலும்பு இடுப்போடு சேருகிற இடத்தில் முறிந்தது. ஒப்பரேசன் செய்தும் பிறகு அவ தனிய நடக்கவில்லை. எட்டு மாதத்தில் போய்விட்டா.

ஆகவே வயதானவர்கள் இருக்கிற வீட்டுக்காரர் இதை இன்றைக்கே செய்யுங்கள். வாசலிலிருந்து கக்கூஸ் வரைக்கும் வெளிச்சம், சூரிய ஒளியில் எரிகிற சின்ன விளக்காவது. வழி நெடுகக் கைபிடிக்க ஒரு கம்பி அல்லது கட்டின கயிறு. சீமெந்தைப் பிறஸ் போட்டு உரஞ்சிப் பாசியை எடுங்கள், மாரி தொடங்கமுதல். அறைக்குள் கொமோட் கதிரை வாங்கினால் அதைப்போல ஒன்றில்லை. வசதியில்லாவிட்டால் மூடியோடு ஒரு வாளியும் ஒரு மறைப்பும். ஆம்பிளைகளுக்கு ஒரு வாயகன்ற போத்தில். வழியில் புடையன் கிடக்கும், வேலியில் யானை நிற்கும், இதில் வெட்கம் என்ன இருக்கிறது? படுக்கையிலிருந்து எழும்பின உடனே நடக்கவும் விடாதீர்கள். பிறெசர்க் குளிசை எடுக்கிறவர்களுக்குத் தலை சுற்றும். காலைத் தொங்கப் போட்டு ஒரு நிமிசம் இருந்துவிட்டு எழும்பட்டும்.

20.05.2024

எழுதின எல்லாருக்கும் பதில் போட இன்று மனம் இல்லை. விசுவமடுவிலிருந்து ஒரு பிள்ளை, தானும் முகாமில் அப்படித்தான் அடக்கினதாகவும் இன்னும் பயணம் போகிற நாளில் தண்ணி குடிப்பதில்லை என்றும் எழுதியிருக்கிறா. பிள்ளை, உமக்கு முப்பது சொச்சம் வயது. இப்பவே மாற்றலாம். வந்த உடனே ஓடாமல் ஐந்து நிமிசம், பிறகு பத்து நிமிசம் என்று மெல்ல மெல்லத் தள்ளிப் போட்டால் பை திரும்பப் பழகும். எரிவோ காய்ச்சலோ இருந்தால் அதற்கு முதல் மருந்து.

02.06.2024

வற்றாப்பளைப் பொங்கலுக்குப் போய்வந்ததில் ஒன்று கவனித்தேன். இரவு முழுக்கக் கோயிலில் நின்றும் நடந்தும் ஒரேயொரு தரம்தான் போனேன். விடியப் பத்து மணிக்கு வீட்டில் படுத்தேன், மத்தியானம் ஒரு மணிக்குள் இரண்டு தரம், அளந்தால் 600. இருட்டுக்கும் இதற்கும் தொடர்பே இல்லாததுபோல. காலில் நின்ற தண்ணி நான் படுக்கும்வரை காத்திருந்திருக்கிறது. எல்லாருக்கும் இப்படி என்று சொல்லமாட்டேன். இரவில் சலத்தைக் குறைக்கிற சுரப்பு மூளையிலிருந்து வருகிறது, வயது போனால் அது குறையும், அப்படியானவர்களுக்கு இருட்டும் கணக்குத்தான்.

12.06.2024

முந்தின குறிப்பில் அந்தச் சுரப்பைச் சொன்னதும், வெளிநாட்டிலிருக்கும் மகன் அதே சுரப்பின் குளிசையை, டெஸ்மோபிரசின், அனுப்பியிருக்கிறார், 71 வயது அப்பாவுக்குக் கொடுக்கலாமோ என்று ஒருவர் கேட்கிறார். டொக்டர் சொல்லாமல் கொடுக்கவே வேண்டாம். அது தண்ணியை உடம்புக்குள் பிடித்து வைக்கும். இரத்தத்தில் சோடியம் இறங்கித் தலையிடி, குழப்பம், வலிப்புவரை போகலாம், 65 கடந்தவர்களுக்கு அந்த ஆபத்துக் கூட. தொடங்கமுதலும் தொடங்கினபிறகும் இரத்தம் பார்த்துத்தான் கொடுப்பார்கள். இதய வருத்தத்துக்குச் சலம் போகிற குளிசை எடுக்கிற ஆள் என்றால் பேச்சே இல்லை.

அந்தச் சலக் குளிசையைப் பற்றியும் ஒன்று. பக்கத்து வீட்டு மாமி அதை இரவுச் சாப்பாட்டோடு எடுத்துக்கொண்டிருந்தா. விடியக் கொடுத்ததைத் தானாக மாற்றியிருந்தா, பஸ்ஸில் போகும்போது வந்துவிடும் என்று. கிளினிக்கில் திரும்ப நேரம் சொல்லிக் கொடுத்தபிறகு இரவில் நித்திரை கொள்கிறா.

23.06.2024

"இரவில் எழும்புவது ஆயுளைக் குறைக்குமோ?" இரண்டு பேர் கேட்டிருக்கிறீர்கள். 2020இல் பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தவர்கள், இப்படி எழும்புகிறவர்களுக்கு விழுவது சுமார் 1.2 மடங்கு, எலும்பு முறிவது சுமார் 1.3 மடங்கு, இறப்பும் சுமார் 1.3 மடங்கு என்று கண்டார்கள். இந்த எண்ணைப் பார்த்து நானும் முதலில் பயந்தேன். பிறகு விளங்கியது. எழும்புவது நேராக ஆளைக் கொல்வதில்லை. சீனி, இதயம், சிறுநீரகம், மூச்சு, இவற்றில் எதிலோ தொடங்கின பழுதை அது முதலில் வந்து சொல்லுகிறது. அம்மாவுக்கு நடந்ததுபோல விழுத்தியும் போடும்.

நித்திரைக் கணக்கும் இருக்கிறது. ஆழ்ந்த நித்திரையின் பெரும்பங்கு முதல் மூன்று மணித்தியாலத்தில்தான் வரும். ஆகவே படுத்ததிலிருந்து முதல்தரம் எழும்பும்வரை எத்தனை மணித்தியாலம் என்றும் அந்தத் தாளில் எழுதுங்கள். பத்துக்குப் படுத்துப் பதினொன்றரைக்கு எழும்புகிற ஆளும் இரண்டரைக்கு எழும்புகிற ஆளும் ஒன்றில்லை. எனக்கு 2021இல் இரண்டு மணித்தியாலம், இப்போது நாலே முக்கால்.

30.07.2024

நெடுங்கேணித் தம்பியின் கடிதம். அப்பாவுக்குச் சீனி வெறும் வயிற்றில் 131. இரவில் ஒருக்கால், சில நாள் அதுவும் இல்லை. கக்கூசுக்குப் போகிற வழியில் விளக்குப் போட்டாயிற்று. யானை இன்னும் வருகிறது, ஆனால் அப்பா வெளியே போகிற நேரம் இப்போது விடியப்புறம் ஐந்து மணி, அம்மாவும் எழும்பி நிற்கிற நேரம். தண்ணியை மறிக்கச் சொன்ன அம்மாதான் இப்போது செம்பை நிரப்பி வயலுக்குக் கொடுத்துவிடுகிறாவாம். மனதுக்கு நல்ல சந்தோசம்.

மச்சானுக்குக் கிறியற்றினின் இறங்கவில்லை. அவருடைய மூத்த பெடியனுக்கு 19, தகப்பனோடு அதே வயலில்தான் நிற்கிறான். போன கிழமை அவனைக் கூட்டிக்கொண்டுபோய் இரத்தமும் சலமும் கொடுத்தோம். இரண்டும் நல்லாக இருக்கிறது. வருசம் ஒருக்கால் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

எனக்கு இந்தக் கிழமை திரும்ப இரண்டாகிவிட்டது. சிறுபோக வேலை, கால் தூக்கி வைக்க நேரமில்லை, அதோடு சோளகக் காற்றுக்கு நல்ல நெத்தலிக் கருவாடு வந்திருந்தது. ஜக்கைத் திரும்ப எடுத்துக் கழுவி வைத்திருக்கிறேன். இன்றைக்கே தொடங்கினால் வெள்ளிக்கிழமை கிளினிக்குக்கு மூன்று நாள் கணக்கோடு போகலாம்.